அறுந்த நரம்பும் அறிஞர் கஹாலும்

கையில் கத்தி ஆழமாகப் பட்டு நரம்பு அறுந்தால் விரல் உணர்விழந்து மரத்துப்போகும். மருத்துவர் அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைப்பார். மாதங்கள் சில கழிந்தபின் உணர்வு சிறிது சிறிதாக மீளக்கூடும். ஆனால், முதுகுத் தண்டுவடம் அறுபட்டவர்க்கு அப்பேறு வாய்ப்பதில்லை. ஒரே உடம்பின் நரம்புகளுக்கு இவ்வாறு இருவேறு விதிகள் அமைந்தது ஏன்? இவ்வினாவைப் பல்லாண்டு ஆராய்ந்த பெரியார், ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் ஆவார்.

கஹால் 1852ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் அவருக்கு ஓவியத்தின்மீது தணியாத வேட்கை இருந்தது. மருத்துவரான தந்தையோ அதனை வெறுத்தார். மகனை முடிதிருத்துவோரிடமும் செருப்புத் தைப்போரிடமும் தொழில் பழக விடுத்தார். பின்னர்த் தந்தையே எலும்புகளைக் காட்டி உடற்கூற்று நூல் கற்பித்தபோது, அவற்றை வரையத் தொடங்கிய மகனுக்கு மருத்துவத்தில் நாட்டம் பிறந்தது. கியூபாவில் படை மருத்துவராகப் பணியாற்றி, மலேரியா நோயால் நலிந்து தாயகம் திரும்பிய அவர், தாம் சேமித்த பொருளைக்கொண்டு நுண்ணோக்கி ஒன்று வாங்கினார்.

நரம்புகள் அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே வலை என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து. இத்தாலிய அறிஞர் கோல்ஜி கண்ட சாயமேற்றும் முறையை 1887இல் கஹால் அறிந்தார். அதனைத் திருத்திக் கையாண்டார். நரம்பணு ஒவ்வொன்றும் தனித்தனியானது என்பதை 1888 முதல் அவர் சான்றுகாட்டி நிறுவினார். 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தந்தை வெறுத்த ஓவியக் கையே இவ்வுண்மைகளை உலகுக்கு வரைந்து காட்டிற்று.

நரம்பு வெட்டுண்டால், அணுவின் தொடர்பை இழந்த பகுதி தானே மீண்டும் உயிர்த்தெழும் எனச் சிலர் வாதிட்டனர். கஹால் சொற்போரோடு நின்றுவிடவில்லை. விலங்குகளின் நரம்பை வெட்டி, நாள்தோறும் நிகழும் மாற்றங்களை நுண்ணோக்கி வழியே கண்டார். தொடர்பற்ற பகுதி சிதைந்தது. அணுவோடு ஒட்டி நின்ற முனையிலிருந்தே புதிய இழைகள் துளிர்த்தன. அவை பழைய நரம்பின் உறைவழியே முன்னேறின. மனிதரிடத்தில் இவ்வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆகும். தைத்த கை உடனே நலம் பெறாமைக்கு இதுவே காரணம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் அவர் கண்டது வேறு. அங்கும் இழைகள் துளிர்க்க முயன்றன. ஆயினும் விரைவில் வாடி நின்றன. குறை இழையில் உள்ளதா, அது வளரும் நிலத்தில் உள்ளதா? கஹாலின் மாணவர் தெல்லோ, 1911இல் முயலின் மூளையில் புறநரம்புத் துண்டொன்றை ஒட்டவைத்தார். மூளையின் இழைகள் அதனுள் நுழையக் கண்டார். எனவே, நிலத்திலேயே குறை இருக்கலாம் என்று கஹால் எண்ணினார்.

1913, 1914ஆம் ஆண்டுகளில் அவர் தம் ஆராய்ச்சியை இரு தொகுதிகளாக வெளியிட்டார். அர்ஜென்டினாவில் வாழ்ந்த ஸ்பானிய மருத்துவர்கள் அதற்குப் பொருளுதவி செய்தனர். வளர்ந்தோரின் மூளையிலும் தண்டுவடத்திலும் அழிந்த வழிகள் மீள்வதில்லை என அந்நூலில் அவர் ஒளிக்காது எழுதினார். அக்கடுமையான தீர்ப்பை, இயலுமேல், எதிர்கால அறிவியல் மாற்றட்டும் என்றும் எழுதினார். முதற்பகுதியைப் பலர் நினைவிற்கொண்டனர், இரண்டாவதை மறந்தனர்.

கஹால் 1934இல் மறைந்தார். 1981இல், கனடாவின் மான்ட்ரியல் நகரில் அகுவாயோ, டேவிட் என்னும் இருவர் எலியின் மூளையடிக்கும் தண்டுவடத்துக்கும் இடையே புறநரம்பைப் பாலமாக அமைத்தனர். வளராதவை எனக் கருதப்பட்ட இழைகள் அப்பாலத்தின் வழியே ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் வளர்ந்தன! தக்க நிலம் கிடைப்பின் அவை வளரவல்லவை என்பது தெளிவாயிற்று. அறுந்த தண்டுவடத்தை முற்றும் இணைக்கும் மருத்துவம் இன்றும் கைகூடவில்லை. ஆயினும் முயற்சி தொடர்கிறது.

கண்டதைக் கண்டவாறு உரைப்பது அறிவியலாளர் கடமை. நோயாளர்க்கு இனிக்கும் என்று இல்லாததை உரைக்கவில்லை கஹால். தாம் காணாதது எக்காலத்தும் நிகழாது என்று கதவை அடைக்கவும் இல்லை. அவர் திறந்து வைத்த அக்கதவின் வழியேதான் பின்வந்தோர் நடக்கின்றனர்.