மாமத் குகையும் அதன் வழிகாட்டியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகருக்கும் நாஷ்வில் நகருக்கும் ஏறத்தாழ நடுவில், தாழ்ந்த குன்றுகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த ஒரு நிலப்பகுதி உண்டு. வானளாவும் சிகரங்கள் அங்கில்லை, பேரருவிகளும் இல்லை. எனினும் ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் அவ்விடத்தை நாடி வருகின்றனர். அவர்கள் காண விழைவது மண்ணுக்கு மேலே அன்று, கீழே உள்ளது. இதுவரை அறியப்பட்டுள்ள குகைகளுள் உலகிலேயே மிக நீளமான மாமத் குகை அக்குன்றுகளின் அடியில்தான் கிளை கிளையாகப் பரந்து கிடக்கிறது. அளந்து முடித்த வழிகளின் நீளம் மட்டுமே 680 கிலோமீட்டருக்கு மேல். அளக்க வேண்டியவை இன்னும் உள. மாமத் என்னும் பெயர் அதன் பேருருவைக் குறிப்பதே. பழங்கால யானையின் எலும்பு எதுவும் கிடைத்ததனால் வந்த பெயரன்று.

நாஷ்வில் நகரில் வாழும் உறவினரோடு இக்குகையைக் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது.  சீட்டுப் பெற்று, குறித்த நேரத்தில் கூடி, தேசியப் பூங்காவின் வழிகாட்டியைப் பின்தொடர்ந்து சென்றோம். பழைய வாயில் வழியாகச் செல்லும் வரலாற்றுச் சுற்றை நாங்கள் தேர்ந்துகொண்டோம்.

கல்லைக் கரைத்த நீர்

அகன்ற தொப்பி அணிந்த வழிகாட்டி முதலில் எங்களுக்குச் சில விதிகளைக் கூறினார். சுவர்களைத் தொடலாகாது, குழுவை விட்டு விலகலாகாது, மூட்டு வலி உள்ளோரும் இதய நோயாளரும் படிகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளியே கோடையின் புழுக்கம். வாயிலை நோக்கி இறங்குகையில், எவரோ ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டாற் போலக் குளிர்ந்த காற்று எங்கள் முகத்தில் மோதியது. உட்புறத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. எங்களுள் முதியவர் ஒருவர் மறக்காது கொணர்ந்த கம்பளிப் போர்வையை அப்போதுதான் அனைவரும் பாராட்டினோம்.

இக்குகை உருவான விதத்தை வழிகாட்டி எளிமையாக விளக்கினார். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இந்நிலம் ஆழமற்ற கடலாயிருந்தது. அக்கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. அதன்மேல் மணற்கல் படிந்தது. பிற்காலத்தில் மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகி, கல்லின் வெடிப்புகளில் இறங்கி, சிறிது சிறிதாகக் கல்லைக் கரைத்தது. அண்மையிலுள்ள கிரீன் ஆறு தன் படுகையை ஆழமாக்கிக்கொண்டே சென்றதனால், நிலத்தடி நீரும் கீழே கீழே இறங்கிப் புதிய வழிகளைக் குடைந்தது. மேலிருந்த வழிகள் வறண்டு நின்றன. ஆகவேதான் இக்குகை பல மாடிகள் கொண்ட மாளிகை போல் அமைந்துள்ளது.

சுண்ணாம்புக் குகை என்றாலே மேலிருந்து தொங்கும் கல் விழுதுகளும் கீழிருந்து எழும் கல் தூண்களும் நம் நினைவுக்கு வரும். இங்கோ பெரும்பாலான இடங்களில் அவை இல்லை. மேலேயுள்ள மணற்கல் ஒரு கூரையாக நின்று நீர்க்கசிவைத் தடுப்பதே காரணம். அக்கூரை அழிந்துபோன ஓரங்களில் மட்டும் அவ்வழகுகள் உண்டு. மற்ற இடங்களில் நாம் காண்பது பரப்பும் அமைதியுமே. நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே நிற்கத்தக்க கூடங்கள். ஆற்றுப் படுகை போல் வளைந்து செல்லும் பாதைகள். எங்கள் காலடியோசையன்றி வேறோசையில்லை.

வெடியுப்பும் அடிமைகளும்

முதற் பெருங்கூடத்தில் பழைய மரத்தொட்டிகளும், துளையிட்டு இணைத்த மரக்குழாய்களும் இன்றும் கிடக்கின்றன. அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே 1812இல் போர் மூண்டபோது வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு இக்குகையின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. எழுபது பேரளவில் அடிமைகள் விளக்கொளியில் மண்ணைத் தோண்டி, தொட்டியிலிட்டு, நீரூற்றி வடித்தனர். போர் முடிந்ததும் உப்பின் விலை வீழ்ந்தது, தொழில் நின்றது. வறண்ட காற்றில் மரம் உளுத்துப் போகாமல், நேற்று விட்டுச் சென்றது போலவே இருக்கிறது. அதனை இழைத்த கைகளின் பெயர்களோ பெரும்பாலும் எஞ்சவில்லை.

அடுத்து இக்குகை காட்சியிடமாயிற்று. 1816 அளவிலேயே பார்வையாளர் வரத் தொடங்கினர். 1838ஆம் ஆண்டில் பிராங்க்லின் கோரின் என்னும் வழக்கறிஞர் குகையை விலைக்கு வாங்கி, வழிகாட்டும் பணிக்குத் தம் அடிமைகளுள் ஒருவரை அங்குக் கொணர்ந்தார். அவருக்கு வயது பதினேழளவு. பெயர் ஸ்டீபன் பிஷப். நம் வாசகர்கள் மயங்கவேண்டா. பிஷப் என்பது அவருக்கு வாய்த்த குடும்பப் பெயர் மட்டுமே.

அடியற்ற பள்ளம்

எங்கள் பாதை ஓர் இரும்புப் பாலத்தின்மேல் சென்றது. குனிந்து நோக்கினோம். விளக்கொளியில் பளபளக்கும் சுவர்கள் கீழே இறங்கி இருளில் மறைகின்றன. அதன் ஆழம் 32 மீட்டர் என்பது இன்று தெரியும். அந்நாளில் ‘அடியற்ற பள்ளம்’ என்றே அழைத்தனர். குகையின் எல்லை அதுவே எனக் கருதித் திரும்பினர். இளைஞர் ஸ்டீபன் 1838இல் பார்வையாளர் ஒருவரைத் துணைக்கொண்டு, பள்ளத்தின் குறுக்கே ஓர் ஏணியைக் கிடத்தி, கையில் எண்ணெய் விளக்கோடு அதன்மேல் ஊர்ந்து அப்பால் சென்றார். அப்பால் இருந்தவை எத்தனை! நெடிய வழிகள், நிலத்தடி ஆறுகள், அவ்வாறுகளில் கண்ணில்லாத வெண்ணிற மீன்கள். ஒளியே புகாத நீரில் கண்ணுக்கு வேலையில்லை. தலைமுறை தலைமுறையாக அது மறைந்துபோயிற்று.

பாலத்தின் நடுவில் கைப்பிடியை இறுகப் பற்றியபடி நின்ற எங்களுக்கு, அந்த ஏணியை எண்ணியபோது உள்ளங்கை வியர்த்தது.

1839இல் ஜான் குரோகன் என்னும் மருத்துவர் 10,000 டாலருக்குக் குகையை வாங்கினார். அவ்விலையில் ஸ்டீபனும் அடக்கம். குகையின் கூடங்களையும் ஆறுகளையும் கண்டறிந்த மனிதர், குகையோடு சேர்த்துக் கைமாறினார். 1842இல் அவர் நினைவிலிருந்தே குகையின் வரைபடம் ஒன்றை வரைந்தார். அது பின்னர் ஒரு நூலில் அவர் பெயரோடு அச்சேறியது. அடிமை ஒருவரின் பெயரைத் தாங்கி ஒரு வரைபடம் அச்சில் வருவது அந்நாளில் அரிதினும் அரிது.

எழுத்தை அவர் கற்ற விதமும் கேட்கத்தக்கது. மெழுகுதிரியின் புகையால் குகைக் கூரையில் தங்கள் பெயரை எழுதிவைக்கப் பார்வையாளர் விரும்புவர். வழிகாட்டி சிறு காசு பெற்று எழுதித் தருவார். அவ்வாறு பிறர் பெயர்களை எழுதி எழுதியே ஸ்டீபன் எழுத்தறிவு பெற்றார் என்று வழங்குகின்றனர். கோதிக் சாலை எனப்படும் கிளைவழியில் அப்பெயர்கள் நூற்றுக்கணக்கில் கறுத்துப் படிந்திருப்பதைக் கண்டோம். செல்வர், பயணிகள், புதுமணத் தம்பதியர் என எத்தனையோ பேரின் பெயர்கள். அவற்றினிடையே ஸ்டீபனின் பெயரும் உண்டு.

விளக்கு அணைந்தபோது

ஓரிடத்தில் வழிகாட்டி எங்களை அமரச் செய்து, எல்லா விளக்குகளையும் அணைத்தார். இரவில் மின்சாரம் நின்றால் வரும் இருள் வேறு, இது வேறு. கையைக் கண்ணுக்கு முன் அசைத்தும் எதுவும் புலப்படவில்லை. எங்களோடு வந்த சிறுமி தாயின் பெயரை மெல்ல அழைத்தாள். சில நொடிகள் கழிந்தபின் வழிகாட்டி ஒரே ஒரு சிறு சுடரை ஏற்றினார். அவ்வொளியில் அத்தனை முகங்களும் அவரையே நோக்கியிருந்தன.

அப்போது ஓர் உண்மை எங்களுக்கு விளங்கிற்று. அந்நாளில் விளக்கு ஸ்டீபனின் கையில் இருந்தது. சீமான்களும் கல்விமான்களும் அவர் நில் என்றால் நின்றனர்; குனி என்றால் குனிந்தனர். அவர் வழி தவறினால் அவர்களுக்கு உயிரில்லை. மேலேறிப் பகலொளிக்கு வந்த கணமே அவர் ஒருவரின் உடைமை. பூமிக்கு அடியில் தலைவர். பூமிக்கு மேல் விலைப்பொருள். இரண்டும் ஒரே நாளில், ஒரே மனிதருக்கு.

அவருடன் பணியாற்றிய மேட் பிரான்ஸ்ஃபோர்ட் என்பவரின் நிலை இன்னும் துயரமானது. உரிமையாளரிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட அடிமை அவர். அவ்வுரிமையாளரே அவரைப் பெற்ற தந்தை. மேட்டுக்கும் அவர் மனைவி பார்த்தினாவுக்கும் பிறந்த பிள்ளைகளுள் மூவர் விற்கப்பட்டனர். நம் இல்லங்களில் ஒரு பிள்ளை விடுதிக்குப் படிக்கச் சென்றாலே தாய் பல நாள் உண்ணாதிருப்பாள். விற்ற பிள்ளை எவ்வூரில் உள்ளான் என்றும் அறியாத தந்தை, மறுநாட்காலை விளக்கேந்தி விருந்தினருக்கு வழிகாட்டினார்.

குகையில் ஒரு மருத்துவமனை

மருத்துவர் குரோகனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: குகையின் மாறாத குளிரும் தூய காற்றும் காசநோயைத் தீர்க்கும் என்பதே அது. 1842ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளர் சிலரை உள்ளே குடியமர்த்தினார். சமையல் புகையும் விளக்குப் புகையும் வெளியேற வழியின்றித் தேங்கின. பகலவனைக் காணாத அவர்கள் வெளிறி மெலிந்தனர். சிலர் உள்ளேயே இறந்தனர். எஞ்சியோர் 1843இல் வெளியேறினர். அவர்களுக்கென எழுப்பிய குடில்களுள் கல்லால் ஆன இரண்டு இன்றும் நிற்கின்றன. 1849இல் குரோகனையும் அதே நோய் கொண்டுசென்றது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தது 1882இல்தான். ஆகவே அம்மருத்துவரைப் பழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தம் அடிமைகள் தாம் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின் விடுதலை பெறவேண்டும் என அவர் உயில் எழுதியிருந்தார். அதன்படி 1856இல் ஸ்டீபன் விடுதலையடைந்தார். மறு ஆண்டே, நாற்பது வயதை எட்டுமுன், காலமானார்.

மீண்டு வந்த குடும்பம்

மேட் பிரான்ஸ்ஃபோர்டின் வழிவந்தோர் விடுதலைக்குப் பின்னரும் தலைமுறை தலைமுறையாக வழிகாட்டிகளாகவே இருந்தனர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து தங்க இயலாத அக்காலத்தில், கறுப்பினப் பயணியருக்கென அக்குடும்பத்தார் தங்கும் விடுதியும் நடத்தினர். தேசியப் பூங்கா அமைக்க நிலங்கள் எடுக்கப்பட்டபோது அவர்கள் நிலமும் போயிற்று. 1941இல் பூங்கா முறையாக நிறுவப்பட்டபோது, நூறாண்டு விளக்கேந்திய அக்குடும்பத்தில் எவருக்கும் வழிகாட்டிப் பணி இல்லை. அறுபதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 2004இல் அக்குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவர் மீண்டும் அதே குகையில் வழிகாட்டியானார். இதனைக் கூறுகையில் எங்கள் வழிகாட்டியின் குரலில் ஒரு பெருமிதம் ஒலித்தது.

இறுதியாக, ‘பருமனானோர் துயர்’ எனப் பெயர் பெற்ற இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து, சிரித்தும் பெருமூச்செறிந்தும், இரும்புக் கோபுரத்தின் படிகளில் ஏறினோம். வெளியே வந்ததும் எங்கள் காலணிகளை மருந்து நனைத்த விரிப்பில் துடைத்துச் செல்லப் பணித்தனர். வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சை நோய் 2013இல் இப்பூங்காவில் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தீங்கு செய்யாது. மனிதரின் காலணிகள் அதனை மற்றொரு குகைக்கு எடுத்துச் செல்லக்கூடும்.

பெரும்பாலோர் அங்கிருந்து நேரே உணவகத்துக்குச் சென்றனர். வழிகாட்டி காட்டிய பாதையில் சிறிது தூரம் நடந்து, மரநிழலில் உள்ள பழைய வழிகாட்டிகளின் கல்லறைத் தோட்டத்தை நாங்கள் அடைந்தோம். ஸ்டீபனின் கல்லறையில் நெடுநாள் கல்லே இல்லை. பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர் ஒருவர் 1881இல் ஒரு கல்லை அனுப்பிவைத்தார். உள்நாட்டுப் போரில் மாண்ட ஒரு வீரனுக்காகச் செதுக்கி, விலை கொடுத்து வாங்க எவரும் வராத கல் அது. பழைய பெயரைத் தேய்த்துவிட்டு ஸ்டீபனின் பெயரைப் பொறித்தனர். இறந்த ஆண்டும் அதில் 1857க்கு மாறாக 1859 எனப் பிழையாக உள்ளது. அருகில், குகையில் உயிர்நீத்த காசநோயாளர் சிலரும் துயில்கின்றனர். அனைவருக்குமாக ஒரு சிறு செபம் சொல்லித் திரும்பினோம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர். அவர்களுள் எவரேனும் மாமத் குகைக்குச் செல்ல நேர்ந்தால், கம்பளியும் வழுக்காத காலணியும் எடுத்துச் செல்க. சீட்டை முன்னரே பதிவு செய்துகொள்க. அக்கல்லறைத் தோட்டத்துக்கென அரைமணி நேரத்தை ஒதுக்கிவைக்கவும் மறவாதீர்.