முன்னெழுத்தும் பின்னொட்டும்

சிவகாசியில் அச்சாகும் கல்யாணப் பத்திரிகை ஒன்றை நிதானமாகப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். பிள்ளையார் சுழி, குலதெய்வம் துணை எல்லாம் முடிந்தபின், மாப்பிள்ளை யாருடைய பேரன் என்று சொல்லும் வரி வரும். அங்கே தாத்தாவின் பெயருக்குப் பின்னால் 'நாடார்' என்ற பட்டம் கொட்டை எழுத்தில் நிற்கும். அடுத்த வரி அப்பாவுக்கு. பட்டம் சில பத்திரிகைகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மூன்றாவது வரியில் மாப்பிள்ளைக்கு முன்னால் ஓர் எழுத்து, பின்னால் பி.இ. அல்லது எம்.பி.ஏ. அவ்வளவுதான். நாலு விரற்கடை தாளுக்குள் மூன்று தலைமுறை இறங்கி வருவதற்குள் பட்டம் உதிர்ந்து படிப்பு முளைத்துவிடுகிறது. இந்தக் குடும்பத்தின் குடும்பப் பெயர் எது என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? 'நாடார்தான், வேறென்ன' என்று பலர் சொல்லிவிடுவார்கள். அது தவறான பதில் என்பது என் கட்சி. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் அது குடும்பப் பெயராக ஒருபோதும் ஆனதில்லை. ஊரை விட்டு வெகுதூரம் போன இடங்களில்தான் ஆனது. அதற்கான காரணம் சொல்லின் இலக்கணத்திலேயே இருக்கிறது.

குடும்பப் பெயர் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள ஸ்காட்லாந்து நல்ல இடம். அங்கே 'மாக்' என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம். கேலிக் மொழியில் 'மாக்' என்றால் மகன். கிரெகரின் மகன் மாக்கிரெகர், டொனால்டின் மகன் மாக்டொனால்டு. தொடக்கத்தில் இது நம் முன்னெழுத்தைப் போலத்தான் இருந்தது: தலைமுறைக்குத் தலைமுறை மாறும். மலைநாட்டின் பல பகுதிகளில் பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும்கூட அப்படி மாறிக்கொண்டிருந்தது. பிறகு வரிப் புத்தகமும் நிலப் பதிவும் தேவாலயப் பதிவேடும் வந்து ஒரு தலைமுறையின் தகப்பன் பெயரைப் பிடித்து உறையவைத்துவிட்டன. உறைந்ததற்கு அடையாளம், பெண்கள். கேலிக் மொழியில் மகளுக்கு 'நிக்' என்று தனி முன்னொட்டு உண்டு. ஆனால் ஆங்கிலப் பதிவேட்டில் மகளும் மாக்டொனால்டுதான். அதாவது ஒரு பெண் தன்னை 'டொனால்டின் மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள், யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. சொல்லின் பொருள் செத்த பிறகுதான் குடும்பப் பெயர் பிறக்கிறது என்று இதை வைத்துத் துணிந்து சொல்லலாம். ஊர்ப் பெயரிலிருந்து வந்தவற்றுக்கும் இதே கதிதான். கால்டுவெல் என்ற பெயர் ரென்ஃப்ரூஷயர் எல்லையில் உள்ள ஓர் இடத்தின் பெயர்; குளிர்ந்த ஊற்று என்று பொருள். இங்கிலாந்திலும் அதே பெயரில் ஊர்கள் உண்டு. இன்று அந்தப் பெயருடையவர்கள் அதிகமாக இருப்பது அமெரிக்காவில். அவர்களில் எவரும் ஊற்றை நினைத்துக்கொண்டு விலாசம் எழுதுவதில்லை.

கால்டுவெல்லை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காட்டியப் பெற்றோருக்கு 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் படித்து, 1838-இல் சென்னையில் வந்திறங்கி, இடையன்குடியில் வாழ்நாளைக் கழித்த ராபர்ட் கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்கு முன்பே, 1849-இல், திருநெல்வேலிச் சாணார்களை, அதாவது பின்னாளில் நாடார் எனப்பட்டவர்களை, பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பனையேறும் மக்களை இழித்துப் பேசிய அந்த நூல் அந்தச் சமூகத்தில் படித்தவர்களைக் கொதிக்கவைத்தது. எதிர்ப்பின் முன்னணியில் நின்ற சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம், வெள்ளைக்காரப் பாதிரிமாரை விட்டுப் பிரிந்து 1857-இல் தனிச் சபையே கண்டார். 'சாணார்' என்ற சொல் 'சான்றார்' என்பதன் திரிபு, எனவே நாங்கள் சான்றோர் என்று ஒரு வாதம் எழுந்தது. திருச்செந்தூர்ப் பக்கத்தில் நிலமுடைய மேல்தட்டினர் வைத்திருந்த 'நாடான்' என்ற பட்டம் எல்லாருக்கும் உரியது என்று இன்னொரு வாதம். நாடு என்பது ஆட்சிப் பிரிவு. நாடான் அதை ஆள்பவன். மரியாதை விகுதி சேர்ந்தால் நாடார். இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியில் எது சரி, எது இழுத்துப் பொருத்தியது என்று தீர்ப்புச் சொல்லும் வேலைக்கு நான் வரவில்லை. ஊற்றின் பெயரைச் சுமந்த ஒருவர் பனையின் பெயரைச் சுமந்தவர்களை எடைபோட்டார் என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

வாதம் ஏட்டோடு நிற்கவில்லை. பனங்காட்டிலிருந்து வடக்கே வந்து வியாபாரத்தில் காலூன்றியவர்கள் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஊர்களில் உறவின்முறை என்ற சாதிச் சபைகளை அமைத்தார்கள். வண்டிச் சரக்குக்குப் பேட்டை, விற்பனையில் ஒரு பங்குக்கு மகமை என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த மகமைக் காசில் 1889-இல் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. நடுவில், 1899 ஜூன் 6 அன்று, சிவகாசி பெருங்கூட்டத்தின் தாக்குதலுக்கு உள்ளானது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. கடைசியாக 1921-இல் சென்னை அரசு தன் ஆவணங்களில் பழைய சொல்லை நீக்கி 'நாடார்' என்று எழுத ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுக் குடிக்கணக்கிலும் அப்படியே பதிவானது. இரண்டு ஆண்டு கழித்து, 1923-இல், ஊரும் தன் பங்குக்குப் பெயரைத் திருத்திக்கொண்டு விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. விருது என்றாலே பட்டம்தான். பல பட்டங்கள் வென்ற வீரன் ஒருவன் இங்கே வெட்டுண்டு விழுந்ததால் 'விருதுவெட்டி' என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. கதையை நம்பாவிட்டாலும், பட்டத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டிய ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஸ்காட்லாந்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் அரசர் மாக்கிரெகர் என்ற பெயரையே தடை செய்தார். அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதே தண்டனைக்குரிய குற்றம். அவர்கள் கேம்ப்பெல், மர்ரி, டிரம்மண்டு என்று அக்கம்பக்கத்துப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். புகழ்பெற்ற ராப் ராய்கூடத் தாய்வழிப் பெயரான கேம்ப்பெல்லை வைத்துக்கொண்டுதான் நடமாடினார். நடுவில் தளர்ந்து மறுபடி இறுகிய அந்தத் தடை முற்றிலும் நீங்கியது 1774-இல். அங்கே அரசு ஒரு பெயரைப் பிடுங்கியது. இங்கே அரசு ஒரு பெயரைத் தரும்வரை இவர்கள் விடவில்லை. பிடுங்கப்பட்ட பெயரை மாக்கிரெகர்கள் திரும்பக் கிடைத்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வென்றெடுத்த பெயரை இவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கதையின் ருசியான பகுதி.

எட்டே ஆண்டுகளில் கழற்றத் தொடங்கினார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், 1921 ஆணைக்காகச் சட்டமன்றத்தில் பாடுபட்ட அதே மனிதர். (அவருடைய முன்னெழுத்தில் உள்ள 'ஊ' ஆங்கிலத்தில் 'டபிள்யூ' ஆகி, அவர் டபிள்யூ.பி.ஏ. ஆனார். தி. நகர் பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே சேலை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தோன்றும்?) மூன்றாவது சுயமரியாதை மாநாடு 1931-இல் கூடிய ஊர் விருதுநகர். முதல் மக்களவையின் உறுப்பினர் பட்டியலில் 'காமராஜ் நாடார்' என்று இருந்தவர், தமிழ்நாட்டில் வெறும் காமராசர் ஆனார். தூத்துக்குடியில் 1921-இல், அதே ஆண்டில், 'நாடார் வங்கி' என்று தொடங்கிய நிறுவனம் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்த மாவட்டத்துக்கு வைத்த பெயர் காமராசர் மாவட்டம், பட்டம் இல்லாமல். 1997-இல் சாதிக் கலவரங்களை அடுத்து மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்தபோது அதுவும் விருதுநகர் மாவட்டம் ஆனது. பட்டத்தை நீக்கினாலும் பெயரில் சாதி வாடை போகவில்லை என்று அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஆக, பட்டம் எங்கே போயிற்று? மனிதர்களை விட்டு இறங்கிப் பலகைகளில் ஏறிக்கொண்டது. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியின் தலையெழுத்தையே மாற்றிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் முழுப்பெயரோடு வரலாற்றில் நிற்கிறார்கள். முன்னவர் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று வாசல் வளைவிலும் நிற்கிறார். 1947-இல் விருதுநகரில் தொடங்கிய கல்லூரியின் பெயர் இன்னும் நயமானது: விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கல்லூரி. மாணவர்கள் சொல்வது வி.எச்.என்.எஸ்.என். அந்த ஐந்து எழுத்துக்குள் இரண்டு 'என்'. இரண்டுமே நாடார். சத்திரிய வித்தியாசாலை கே.வி.எஸ். ஆனபோது 'சத்திரியர்' என்ற பழைய வழக்கும் ஒரு 'கே'யில் அடங்கிப்போனது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நாள்தோறும் உச்சரிக்கிறார்கள். எழுத்தை விரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கிட்டத்தட்ட மாக்டொனால்டு மகளின் நிலைதான். இந்த வட்டாரத்தில் அசல் குடும்பப் பெயர் வாழ்வதும் இப்படிப்பட்ட எழுத்துகளில்தான் என்பேன். வி.வி.வி., வி.வி.எஸ். என்று எண்ணெய் டின்னிலும் பருப்பு மூட்டையிலும் அச்சான எழுத்துகள், தனி ஆளுக்கு மாறினாலும் கடைக்கு மாறுவதில்லை. பேரன் காலத்திலும் கடை தாத்தாவின் எழுத்தில்தான் கடன் வாங்கும், கடன் கொடுக்கும்.

சரி, மனிதர்களின் பெயரில் 'நாடார்' இன்று எங்கே இருக்கிறது? மூலைப்பொழி என்ற திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து தில்லியில் எச்.சி.எல். நிறுவனத்தை உருவாக்கிய சிவ் நாடார் நல்ல சான்று. தில்லியில் அது மல்ஹோத்ரா, குப்தா போல இன்னொரு பெயர். அவர் மகள் ரோஷ்ணி நாடார் மல்ஹோத்ரா என்று எழுதுவதில் அங்கே எவருக்கும் உறுத்தல் இல்லை. மும்பையில் தென்மாவட்டத்துக் குடும்பங்களின் அடையாள அட்டைகளிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து இந்தப் பட்டம் ஒட்டிக்கிடக்கிறது. சிவகாசியிலோ ஒரு பெண்ணை 'நாடார்' என்று கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்க்கமாட்டாள், சிரிப்பாள். ஏனென்றால் இங்கே அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது; அது ஒரு பெரிய மனிதரை, ஓர் ஆணை, ஒரு சாதியைக் குறிக்கிறது. உயிருள்ள சொல்லைக் குடும்பப் பெயராக ஆக்க முடியாது. தில்லியில் அது குடும்பப் பெயர் ஆனதற்குக் காரணம், அங்கே அது வெறும் ஓசை. இதே விதியின் இன்னொரு வேடிக்கை சிவகாசியிலேயே இருக்கிறது. மெப்கோ ஷிலெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரில் பாதி, மத்தாப்பின் வெள்ளை ஒளிக்கு வேண்டிய அலுமினியப் பொடியோடு தொடர்புள்ள ஜெர்மன் குடும்பப் பெயர். ஊர்க்காரர்கள் 'மெப்கோ' என்று பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன்காரரை விட்டுவிட்டார்கள்.

மறுப்பு வரும், வரவேண்டும். பெயரிலிருந்து பட்டம் போனால் சாதி போய்விட்டதா? உறவின்முறை இருக்கிறது, மகமை இருக்கிறது, பெண் பார்க்கும்போது முதல் கேள்வி அதுதானே? உண்மை. ஆனால் இது என் வாதத்தைச் சாய்ப்பதில்லை, தாங்குகிறது. சாதி உயிரோடு இருப்பதால்தான் பட்டம் இங்கே கனக்கிறது, கனப்பதால்தான் கழற்றிவைக்கிறார்கள். சாதி செத்திருந்தால் மாக்கிரெகர் போல எல்லாரும் சாவதானமாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. கழற்றுவது வென்றவர்களுக்கு எளிது, இன்னும் வெல்லாதவர்களுக்கு? 1921-க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2021-இல், நாடாளுமன்றச் சட்டம் ஏழு பட்டியல் சாதிகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. இதே தென்மாவட்டங்களில் நெடுநாள் கேட்டுப் பெற்ற பெயர் அது. அவர்களிடம் போய், சாதிப் பெயரெல்லாம் பழைய காலத்துப் பழக்கம் என்று உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை கிடையாது. பெயரைத் துறக்கும் உரிமை அதைப் பெற்ற பிறகுதான் வருகிறது என்பதை 1921-க்கும் 1929-க்கும் இடையிலான எட்டு ஆண்டுகளே காட்டுகின்றன. மூன்றாவது குறை, இது முதலாளிகளின் பெயர் வரலாறு என்பது. அதை அப்படியே ஏற்கிறேன். பட்டாசு ஆலையில் வெடியுப்பு கையில் படியத் திரி சொருகுகிற, லேபிள் ஒட்டுகிற பெண்ணின் பெயர் அந்த லேபிளில் வராது. அவளுக்கு இருப்பது ஒரு முன்னெழுத்து. அதுவும் கல்யாணம் ஆனதும் அப்பாவிடமிருந்து கணவனுக்குக் கைமாறிவிடும்.

ஆனால் அவள் மகன் பாஸ்போர்ட் எடுக்கிறான். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள். மலேசியாவில் இந்தச் சிக்கலை 'ஏ/எல்' என்று மகன் குறி போட்டுத் தீர்த்தார்கள். அது மலாய் மொழியின் 'மாக்', உறையாத 'மாக்'. இங்கே அப்படி ஒன்றும் இல்லாததால் அப்பாவின் பெயர் அந்தக் கட்டத்தில் போய் உட்காருகிறது. அப்பாவின் பெயர் மாரியப்பன். சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். மகன் டெக்சாஸ் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு மகள் பிறந்து, அவளும் மாரியப்பன் ஆகிறாள். பள்ளியில் டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து 'மாரியப்பன்' என்று கூப்பிட, ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி எழுந்து நின்று கையைத் தூக்குகிறாள்.