கைப்பிரதிக் கணக்கு

உபதேசியாராக ஊழியத்துக்கு வந்து 26 வருஷம் ஆகிறது. மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும்: சந்தித்த வீடுகள் எத்தனை, கொடுத்த கைப்பிரதிகள் எத்தனை. கைப்பிரதி 300-ஐத் தாண்டிய மாதங்களில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

திருநெல்வேலியில் மனைவியை இழந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். முருக பக்தர். உட்கார்ந்ததுமே வேதத்தைத் திறந்து நித்திய ஜீவனைப் பற்றிப் பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். ஜெபித்துவிட்டு எழுந்தபோது சொன்னார்: "உபதேசியாரே, அரைமணி நேரம் பேசுனிய. அவ பேரு என்னன்னு ஒரு வார்த்த கேக்கலியே."

பல நாள் எந்த வீட்டுப் படியும் ஏற முடியவில்லை. நான் சொன்னதில் பொய்யில்லை. இன்றும் அதைத்தான் விசுவாசிக்கிறேன். ஆனால் துக்க வீட்டில் துக்கத்துக்கே இடம் விடாமல், கொண்டுபோனதை இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகியதைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவரும் உடன் ஊழியர் கிரூண்ட்லரும் தமிழர்களிடம் அவர்களுடைய சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றிக் கேள்வி எழுதிக் கேட்டதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வந்த பதில்களில் கிறிஸ்தவர்களின் நடத்தையைக் குறைசொன்ன கடிதங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்துத்தான் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். இந்து சமயத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர்தான் சீகன்பால்கு. என்றாலும் கேட்டார். பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரமும், நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவருக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத்தானே சொல்கிறது? கேட்கத் தோன்றும்படி நான் யாரோடு பழகியிருந்தேன்?

மறுபடி அந்தப் பெரியவரிடம் போனேன். பேரைக் கேட்டேன். சொன்னார். சஷ்டிதோறும் குறுக்குத்துறைக் கோயிலுக்கு அவள் நடந்தே போனதை, ஆற்றில் குளித்த ஈரத்தலையோடு திரும்பி வந்ததை, கடைசி மாதம் நடக்க முடியாமல் வாசலிலிருந்தே கும்பிட்டதைச் சொன்னார். திருத்த வேண்டும், ஒரு வசனமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். பேசுவதைவிட அது கடினமான ஊழியம். அதன் பிறகு வாரம் ஒருமுறை போனேன்.

எட்டு மாதம் கழித்து, காப்பி டம்ளரைக் கீழே வைத்தபடி அவரே கேட்டார்: "ஒங்களுக்கு ஒரு கஷ்டம்னா நீங்க என்ன செய்விய?"

என் மூத்த மகன் காய்ச்சலில் போன ராத்திரியைச் சொன்னேன். அன்று யாருடைய பாதத்தில் விழுந்து அழுதேன், விடியும்வரை என்னை யார் தாங்கினார் என்பதையும் சொன்னேன். வேதம் பைக்குள்ளேயே இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ள பேரு என்ன?" என்று கேட்டார்.