40-க்குக் கீழே

மார்கழி. நெய்வேலி டவுன்ஷிப். விடிந்தும் தெருவிளக்கு எரிகிறது. பனியில் வேப்பமரங்கள் இடுப்புவரைதான் தெரிகின்றன. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நின்றுவிட்டது. மற்றவை ஓடுகின்றன.

குவார்ட்டர்ஸின் உள்ளறை. கொசுவலைக்குள் மூன்று வயதுக் குழந்தை. இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது. தாத்தா அதன் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்க்கிறார். கையில் கடிகாரம். உதடு அசைகிறது. முழுசாக ஒரு நிமிடம்.

28 மூச்சு.

40-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரி. எண்ணிக்கை எதுவானாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரர் நம்பர் காலண்டரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. தாத்தா சட்டையை இறக்கிவிடுகிறார்.

அடுப்படி மேடையில் ஸ்பேசர். ராத்திரி சோப்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தது. ஆயா துண்டோடு வருகிறாள். மருமகள் தலையசைக்கிறாள். துணியால் துடைத்தால் மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். துண்டு கொடிக்குத் திரும்புகிறது.

குழந்தை மடியில். அம்மா இன்ஹேலரைக் குலுக்குகிறாள். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடுகிறது. ஓர் அழுத்து. ஆறு மூச்சு. இது இழுப்பு வந்தபின் தருவது அல்ல, வராமலிருக்கத் தருவது. நெஞ்சு சுத்தமாக இருக்கும் நாளிலும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். குழந்தை தண்ணீரை விழுங்கிவிடுகிறது. அம்மா இன்னொரு டம்ளர் நீட்டுகிறாள்.

நைட் ஷிப்ட் முடிந்து அப்பா வருகிறார். வாசல் வழியாக இல்லை, கொல்லைப்புறமாக. சட்டையில் சுரங்கத்துப் புழுதி. குழந்தை ஓடுகிறது. அவர் கையை நீட்டித் தடுக்கிறார். குழாயடி. சோப்பு. முழங்கைவரை நுரை. வேறு சட்டை. அதற்குப் பிறகுதான் தூக்குகிறார்.

பரண்மேல் தூபக்கால். கொசுவர்த்தி டப்பாவில் இப்போது பொத்தான்கள். ஆயா குழந்தையின் தலையைத் துண்டால் துவட்டுகிறாள். சாம்பிராணி இல்லை. ஒருமுறை பரணைப் பார்க்கிறாள். மறுபடி துவட்டுகிறாள்.

பக்கத்து வீட்டில் சருகு எரிகிறது. புகை வேலி தாண்டுகிறது. அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள். ஆயா ஒரு குடம் தண்ணீரோடு போகிறாள். பேச்சு கேட்கவில்லை, கை அசைவது தெரிகிறது. சற்று நேரத்தில் இரண்டு பெண்கள் மிச்சச் சருகை வாழைக்குழிக்கு அள்ளுகிறார்கள்.

குல்லா. ஸ்வெட்டர். பால்வாடி வாசலில் பிள்ளைகள் குழாயடியில் வரிசையாகக் கை கழுவுகிறார்கள். அம்மா டீச்சரிடம் ஒரு பை கொடுக்கிறாள். உள்ளே இன்னொரு ஸ்பேசர், இழுப்பு வந்தால் தரவேண்டிய இன்ஹேலர், டாக்டர் எழுதிய சீட்டு. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படிக்கிறாள்.

"குலுக்கிட்டுத்தானே வைக்கணும்?"

"ஆமாக்கா, குலுக்கிட்டு."

டீச்சர் ஸ்பேசரைக் கையிலெடுக்கிறாள். மாஸ்க்கைத் தன் முகத்தில் வைத்துப் பார்க்கிறாள். இன்னொரு முறை செய்து காட்டச் சொல்கிறாள்.