லாரன்ஸ் ரோட்டில் அசெம்பிள் ஆகும் விமானம்

"டிஸ்ப்ளே வரலண்ணே" என்று யாராவது சிபியூவைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தால், அந்தக் கடையில் முதலில் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். அடுத்து, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண அழிரப்பர். ரேமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய அதன் விளிம்பை இரண்டு பக்கமும் ரப்பரால் தேய்த்து, பிரஷால் தட்டித் திரும்ப மாட்டினால் பல பெட்டிகள் உயிர் பெற்றுவிடும். கடலூர் கடற்கரை ஊர். உப்புக்காற்றும் ஈரமும் அந்த மெல்லிய விளிம்பில் படிந்து மின் தொடர்பைக் கெடுக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் தொழில் செய்பவர்களுக்கு இது முதல் பாடம்.

கடைக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல். பென்டியம் 4 காலத்தில் பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, பழுதான பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் பழகியவர். சரக்கு எடுக்க அப்போதெல்லாம் சென்னை ரிச்சி தெருதான். அண்ணா சாலையை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளை விரியும் அந்தச் சந்தையில் எந்தக் கடையில் நியாயமான பாகம் கிடைக்கும், எங்கே லேபிள் மாற்றி ஒட்டிய சரக்கு கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது பாதிச் சரக்கு பார்சலில் வந்துவிடுகிறது. ஆனாலும் பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் நேரில் போய்த்தான் எடுக்கிறார்.

நான் உட்கார்ந்திருந்தபோது சிதம்பரத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் அப்பாவோடு வந்தார். வீட்டில் மானிட்டர் இருக்கிறது, அதோடு விமானம் ஓட்டிப் பழக ஒரு சிஸ்டம் வேண்டும். கையில் 60,000 ரூபாய். "அதுக்கு மேல முடியாதுங்க" என்றார் அப்பா. லேப்டாப்பே போதாதா என்றும் கேட்டார்.

"லேப்டாப் சூடாயிடும் சார், பின்னாடி எதையும் மாத்தவும் முடியாது" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, கடைக்காரர் பையனிடம் திரும்பினார். "எந்த சாஃப்ட்வேர் ஓட்டப் போற தம்பி?"

சரியான கேள்வி அதுதான். விமான சிமுலேட்டர் மற்ற கேம்களைப் போல கிராபிக்ஸ் கார்டை மட்டும் நம்பி ஓடுவதில்லை. இறக்கை மேல் ஓடும் காற்று, காக்பிட்டுக்குள் இருக்கும் கருவிகள், வானில் பறக்கும் மற்ற விமானங்கள், கீழே விரியும் நிலம் எல்லாவற்றையும் பிராசசர் ஓயாமல் கணக்கிட வேண்டும். அதில் பெரும்பகுதி ஒரே ஒரு முதன்மைத் த்ரெட்டின் தலையில் விழுகிறது. அதனால் கோர் எண்ணிக்கையை விட, ஒவ்வொரு கோரின் வேகமும் கேஷ் நினைவகத்தின் அளவுமே முக்கியம். இன்னொரு வேறுபாடு வாங்குபவருக்குச் சாதகமானது. சுடும் விளையாட்டுகளுக்கு நொடிக்கு 144 ஃபிரேம் தேடுகிறார்கள். விமானத்துக்கு 30 ஃபிரேம் சீராக வந்தாலே போதும். வீட்டிலிருக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாற்ற வேண்டியதில்லை.

பையன் கேட்டது, 2024 நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024. அதற்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஆர்எக்ஸ் 5700 கார்டு வேண்டும் என்கிறது நிறுவனம். பரிந்துரைப்பது 32 ஜிபி. கடைக்காரர் ஒரு பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

முதலில் பிராசசர். பையன் ரைசன் 5 5600ஜி என்று குறித்துக்கொண்டு வந்திருந்தார். அதிலேயே கிராபிக்ஸ் இருக்கிறது, காசு மிச்சம் என்பது அவர் கணக்கு. கடைக்காரர் 'ஜி'யை அடித்தார். இரண்டுக்கும் ஆறு கோர்தான், ஆனால் 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பி மட்டுமே. சிமுலேட்டர் தேடுவது அந்தக் கேஷைத்தான். நாளை கையில் பணம் சேர்ந்தால் அதே ஏஎம்4 போர்டில் 96 எம்பி கேஷ் உள்ள 5800எக்ஸ்3டி போன்ற சிப்பையும் பொருத்தலாம். பழைய பி450 போர்டு விலை குறைவு. ஆனால் புதிய சிப்பை அடையாளம் காண பயாஸ் அப்டேட் ஆகியிருக்க வேண்டும். அதைக் கடையிலேயே செய்து கொடுக்கிறார்.

ரேமில்தான் நெருக்கடி. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறிவிட்டது. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இப்போதைக்கு இரண்டு 8 ஜிபி, மற்ற இரண்டும் காலி, விலை இறங்கியதும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. ஒரே 16 ஜிபியாகப் போட்டால் டூயல் சேனல் கிடைக்காது. மாட்டியபின் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யவும் வேண்டும். இல்லாவிட்டால் 3200 என்று அச்சிட்ட ரேம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். அதை ஆன் செய்யாமலே வருடக்கணக்கில் ஓடும் பெட்டிகள் சர்வீஸுக்கு வருவதுண்டு என்றார்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் போனபோது பேச்சு நீண்டது. 2022 செப்டம்பரில் எதீரியம் கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, அதற்காக இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் பழைய சந்தையில் குவிந்தன. அவற்றில் நல்லதும் உண்டு, நடக்கும் பிணமும் உண்டு. இவர் முதலில் பார்ப்பது ஸ்க்ரூ தலைகளை. கீறல் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். அடுத்து துரு, ஃபேனின் ஆட்டம், தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய். பிறகு ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறக்கிறார். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் விற்பதில் 2048 ஷேடர் கொண்ட ஒரு வகை உண்டு. உண்மையான 580-க்கு 2304. பெயர் ஒன்று, திறன் 570-க்கு நிகர். தெரியாமல் வாங்கியவர்கள் ஏராளம். கடைசியாக ஃபர்மார்க் போட்டுக் கார்டைச் சூடேற்றி, திரையில் புள்ளியோ கோடோ தெறிக்கிறதா என்று பார்ப்பார்.

பையனுக்குப் பழையது வேண்டாம், புது ஆர்எக்ஸ் 6600 என்று எழுதினார். 8 ஜிபி நினைவகம், 132 வாட். வேகத்தில் ஏறத்தாழ ஆர்எக்ஸ் 5700-க்கு ஈடு. வாரண்டியோடு வருகிறது.

எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையில் மட்டும் அவர் பேரத்துக்கு இடமே கொடுப்பதில்லை. 450 வாட் என்று லேபிள் ஒட்டி, கையில் தூக்கினால் காற்றாய்க் கனக்கும் லோக்கல் சப்ளைகளை எனக்கு எடுத்துக் காட்டினார். கிராபிக்ஸ் கார்டுக்கு வேண்டிய தனிக் கேபிள்கூட அவற்றில் இல்லை. கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டி, பிளக் உருகிப் போன பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. 80 பிளஸ் சான்று பெற்ற நல்ல கம்பெனி சப்ளை ஒன்றும், சாதாரணக் கேபினெட்டும் பட்டியலில் ஏறின. வண்ண விளக்கு ஃபேன்களை அடித்தார். பையனின் முகம் கொஞ்சம் வாடியது உண்மைதான். என் பார்வையில், அன்று அந்தத் தாளில் விழுந்த மிகச் சரியான கோடு அது.

இந்தக் கறார் சும்மா வரவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததையும் பார்த்தவர். வெள்ளத்துக்குப் பிறகு சேறு காயாத சிபியூக்கள் வரிசையில் வந்தன. போர்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவிடும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது. வீட்டிலேயே அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டவர்களின் போர்டுகளைக் காப்பாற்ற முடியவில்லை.

பெட்டி தயாரானதும் அவருடைய உதவியாளரோடு நானும் சிதம்பரம் போனேன். தேரோடும் வீதிகளைத் தாண்டி, ஒரு பழைய வீடு. உதவியாளர் கேபிளைப் பிரிக்கும் முன்பே டெஸ்டரை எடுத்து எர்த்தைப் பார்த்தார். எர்த் இல்லை. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும் வீடுகள் பல உண்டு. எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சரிசெய்த பிறகே பெட்டிக்கு இணைப்பு. வீட்டிலிருந்த 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட். கரண்ட் போனால் சிஸ்டத்தை ஒழுங்காக நிறுத்த அது போதும், தொடர்ந்து பறக்க அல்ல என்று எடுத்துச் சொன்னார்.

2024 சிமுலேட்டர் நிலப்படங்களை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே ஓடும். இணைப்பு மெதுவாக இருக்கும் ஊர்களுக்கு, நிலத்தை வட்டிலேயே வைத்துக்கொள்ளும் எக்ஸ்-பிளேன் 12 பொருத்தம். செலவே கூடாது என்றால் 1997-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஃபிளைட்கியர் முற்றிலும் இலவசம். கைப்பிடியைத் திருகினால் ரட்டர் அசையும் ஜாய்ஸ்டிக் வாங்கினால் கால் பெடல் செலவு மிச்சம். தலையைத் திருப்பினால் காக்பிட் பார்வையும் திரும்ப, சாதாரண வெப்கேமில் ஓடும் ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

பையன் செஸ்னா 172-ஐப் புதுச்சேரியில் ஏற்றித் தெற்கே கடற்கரையோரம் ஓட்டினார். கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை, கொள்ளிடத்துக்கு முன் பிச்சாவரத்தின் பச்சை நரம்புகள். ஃபிரேம் நாற்பதைச் சுற்றி நின்றது. வீட்டு சிஸ்டத்தில் பறக்கும் எந்த மணி நேரத்தையும், வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ கேட்கும் 200 மணி நேரத்தில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் செக்லிஸ்ட்டையும் கருவிகளைப் படிப்பதையும் பழக்கிக்கொண்டு போகிறவருக்கு, பயிற்சிப் பள்ளியில் பணம் கரையும் ஒவ்வொரு மணியும் கூடுதலாகப் பயன்படும்.

இந்த வேலைக்குக் கடைக்காரர் கேட்ட அசெம்பிளிங் கூலி மொத்தச் செலவில் சிறு துளி. ஆனாலும் பலர் முதலில் பேரம் பேசுவது அதில்தான். இன்னும் சிலர் அவர் எழுதிக் கொடுத்த பட்டியலைப் போனில் படமெடுத்துப் போய் ஆன்லைனில் வாங்கி, மாட்டத் தெரியாமல் திரும்ப வருகிறார்கள். ஆன்லைனில் வாங்குவது உங்கள் உரிமை. அவருடைய நேரத்துக்கும் அறிவுக்கும் உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்கினால் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாரண்டி கேட்டுப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.