செட்டிநாட்டு வீட்டில் தூங்கும் அம்பாசடர்... எழுப்புவது எப்படி?

காரைக்குடி அருகே கானாடுகாத்தானில் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் பல, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் திறக்கப்படுகின்றன. இப்படிப்பட்ட வீடுகளில் பழைய காரும் சேர்ந்து தூங்கும். அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இனி இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுக்கவில்லையா? 'இன்ஜின் போச்சு' என்று பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றி, சிறிது தூரம் ஓட்டுங்கள். இன்ஜின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

வெளிர் பழுப்பு நிறம் என்றால் நலம். கறுப்பாகக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்ய வேண்டும். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. டேங்க் துரு ஃபில்டரை அடைத்திருக்கலாம்.

சித்திரை வெயிலில் ஓடி நின்ற கார் மறுபடி கிளம்ப மறுத்தால், சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை. அதில் அழுத்தம் குறைந்தால்தான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு.

பூட்டிய வீட்டைத் திறந்ததும் யாரும் சுவரை இடிப்பதில்லை. முதலில் ஜன்னலைத் திறந்து ஒட்டடை அடிப்பார்கள். காருக்கும் அதே வரிசைதான்!