ஓடுபாதையில் ஓடிய கார்கள்

ஜெலுத்தோங் கடலோர நெடுஞ்சாலையில் நள்ளிரவில் சீறும் மோட்டார் சைக்கிள் சத்தம் பினாங்குவாசிகளுக்குப் பழகிப்போன ஒன்று. வேகத்துக்குத் தனி இடம் இல்லையென்றால், அது பொதுச் சாலைக்குத்தான் வரும்.

சென்னைக்குப் போனால், செங்குன்றம் தாண்டியுள்ள சோழவரத்தை நினைவில் வையுங்கள். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை அங்கே சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. 1949-இல் அமெரிக்காவின் நாஸ்கார், கடையில் வாங்கிய கார்களைப் புழுதித் தடத்தில் ஓடவிட்டதைப் போல, இங்கேயும் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வீதியில் ஓடும் கார்களே பந்தயத்துக்கு வந்தன.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் திறந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் 2003-இல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தயக் கார்களை உள்ளூரிலேயே உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் கோவையின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

நமக்கு 1999 முதல் சிப்பாங் இருக்கிறது. ஆனால், ஜெலுத்தோங்கிலிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் உயிரைப் பணயம் வைக்கும் பையனுக்கு அருகிலேயே ஒரு தடம் வேண்டும். சோழவரம் தொடங்கியதும் ஒரு பழைய ஓடுபாதையில்தானே?